தலைக்கு மேல் ஓர் அங்குலம்

கால்கள் கணக்கில் வராது என்கிறது கையேடு.
மடங்கட்டும், உதைக்கட்டும்,
பின்சீட்டுத் துணியில் சேறு அப்பட்டும்,
காலை வைத்து முடிவெடுக்காதீர்கள்.
தலையைப் பாருங்கள்.
ஓட்டின் விளிம்புக்கும் உச்சந்தலைக்கும் நடுவே
ஓர் அங்குலம் இருக்கிறவரை
இடம் உண்டு.

லெயிஃப் இரும்பு அளவுநாடாவோடு வந்தான்,
தாதுக் கப்பல் துறையில் தகடு அளக்கிற அதே நாடா.
வெளியே டுலூத், மைனஸ் பத்தொன்பது.
ஏரி புகைந்துகொண்டிருந்தது.
காரின் உள்விளக்கில் எங்கள் மூச்சும் புகை.
குளிர்ச்சட்டையைக் கழற்றித்தான் அளக்கணும், என்றேன்.
இந்தக் குளிரிலயா, என்றான்.
இருக்கையைக் கழற்றிச் சமையலறைக்குக் கொண்டுவந்தோம்,
டாக்னியோடு சேர்த்து, கைப்பிடியில் தொங்கவிட்டு,
எப்போதும் போல.

முக்கால், என்றான்.
முடியை அமுக்கிப் பிடி, என்றேன்.
எட்டு மாதத்து முடி,
சோளக்குஞ்சம் போல் நட்டுக்கொண்டு நிற்கிற பிடிவாதம்.
கட்டைவிரலால் அமுக்கினான்.
அவள் கெக்கலித்ததில்
நாடா சுருண்டு உள்ளே ஓடியது.
மறுபடியும்.
ஒன்று.
கொஞ்சம் குறைவான ஒன்று.
சரிஞ்சு உட்கார்ந்திருக்கா, நிமிர்த்து.
நிமிர்த்தினால் முக்கால்.
அப்ப நிமிர்த்தாத, என்றேன்.

எடைக்கு இன்னும் பதினோரு பவுண்டு பாக்கி இருந்தது.
அதைச் சொல்லி வாதாடிப் பார்த்தேன்.
எது முதலில் எட்டுகிறதோ அதுதான் வரம்பு என்ற வரியில்
விரலை வைத்துக் காட்டினான்.
எண்ணெய்க் கறை படிந்த விரல்.
ஒன்றும் பேசவில்லை.

இதில்தான் அவள் முதல் பரீட்சை எழுதினாள்.
முப்பத்துமூன்று வாரத்தில் வந்துவிட்டவளைச்
சும்மா வீட்டுக்கு அனுப்பவில்லை.
தொண்ணூறு நிமிடம் இதில் சாய்ந்திருந்து
மூச்சுவிடத் தெரியும் என்று காட்டவேண்டும்.
நாலு பவுண்டும் சொச்சமும்.
இருபுறமும் சுருட்டிவைத்த துணிகள்.
அவ்வளவு பெரிய ஓட்டுக்குள் இத்தனூண்டு பருப்பு.
அறுபத்தோராவது நிமிடம் திரை கூவியது.
தோல்வி.
இரண்டு நாள் கழித்து மறுபடியும்.
இரவு நர்ஸ் மார்லிஸ் பிள்ளையைப் பார்த்தாள்.
நான் எண்களைப் பார்த்தேன்,
தொண்ணூற்றாறு, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு.
பாஸ் என்று அவள் சொன்ன பிறகுதான்
பிள்ளை பக்கம் திரும்பினேன்.
தலைக்கு மேலே ஒரு சாண் காலி இடம்.

அந்தச் சாணைத்தான் தின்று முடித்திருக்கிறாள்,
ராத்திரி ராத்திரியாக,
என் தூக்கத்தைத் தொட்டுக்கொண்டு.

லெயிஃபிடம் சொல்லாத காரணம் ஒன்று உண்டு.
புது இருக்கை காரிலேயே கிடக்கும்.
தூங்குகிறவளை அப்படியே தூக்கி
கதவு, படி, கூடம், மேசைக்கால் ஓரம் என்று
அவளுக்குத் தெரியாமல் இடம் மாற்ற
இனி முடியாது.
வாரை அவிழ்க்கணும், அக்குளில் கை கொடுக்கணும்,
கழுத்தில் காற்று படும், கண் திறந்துவிடும்.
வீடு வந்து சேர்வதை
இனி அவளும் பார்ப்பாள்.

சனிக்கிழமை புதியதைப் பொருத்தினோம்.
முட்டி போட்டு ஏறி, முழு எடையும் அழுத்தி,
வாரை இழுத்த லெயிஃபுக்கு
அந்தக் குளிரிலும் வியர்த்தது.
அதுவும் பின்னோக்கித்தான்.
இன்னும் சில வருடம்
விட்டுவந்த சாலைதான் அவளுக்குச் சாலை.

பழையதைத் தலைகீழாய்க் கவிழ்த்தேன்.
பிஸ்கட் தூள், ஒற்றைக் காலுறை,
எங்களுடையதே அல்லாத ஒரு பொத்தான்.
நிலவறைக்குக் கொண்டுபோகப்
பழக்கத்தில் முழங்கையில் மாட்டினேன்.
இடுப்பு தானாக ஒருபக்கம் ஒடிந்தது,
சுமை இல்லாமலே.
படியில் பாதி தூரம் போயிருப்பேன்.

எதுக்கு இப்படிப் பூனை மாதிரி நடக்கிற,
மேலிருந்து கேட்டான் லெயிஃப்,
அவன் தோளில் அவள்,
நன்றாக விழித்துக்கொண்டு.